ஒட்டகத்தைக் கட்டுவோம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. எனினும், முன்கூட்டியே முகாம்களுக்கு மக்களை அழைத்துச் சென்றதால் பல உயிர்கள் தப்பின.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” எனக் கைகட்டி இருப்பது தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

ஆகவே ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், கூரைவீட்டார் பட்டியலை எழுதட்டும். இவர்களில் யாரை யார் அழைத்து வருவதென இளைஞர்களுக்குப் பொறுப்பளிக்கட்டும். மின்சாரம் போனால் ஒலிபெருக்கியும் ஊமையாகும். ஜெனரேட்டர் ஆயத்தமாக இருக்கட்டும். மதம் பாராது அண்டை வீட்டார் அனைவருக்கும் பள்ளிவாசல் கதவு திறந்திருக்கட்டும். வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக! ஆமீன்.