பெரிய சர்வர் வாங்கும் முன் இருப்பைக் கணக்கெடுங்கள்

– மளிகை மொத்த வியாபாரி ஒருவர்



நம்மில் பலர் இப்போது சொந்தமாக இணையதளம் வைத்து அதன் வழியாகவும் ஆர்டர் வாங்குகிறோம். சில்லறைக் கடைக்காரர் இரவு கடை சாத்திய பிறகு கைபேசியில் நம் விலைப் பட்டியலைப் பார்க்கிறார். துவரம்பருப்பு இரண்டு மூட்டை, கடலைமாவு ஒரு மூட்டை என்று பதிந்துவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் நம் ஆட்கள் அதைப் பார்த்து வண்டி ஏற்றுகிறார்கள். இரு தரப்புக்கும் வசதிதான்.

ஆனால் இந்த இணையதளம் சொல்லி வைத்தாற்போல் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் நின்றுபோகிறது. பராமரிப்பு பார்ப்பவரைக் கேட்டால், "சர்வர் போதவில்லை, பெரியதாக மாற்ற வேண்டும், வாடகை இரண்டு மடங்கு ஆகும்" என்கிறார். நாமும் வேறு வழி தெரியாமல் தலையாட்டுகிறோம். சில மாதம் கழித்து மறுபடியும் அதே பேச்சு வருகிறது.

இதில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் இடமில்லை என்று கணக்குப்பிள்ளை சொன்னால், நாம் உடனே அடுத்த தெருவில் புதுக் கிடங்கு பிடிப்பதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், என்ன கிடக்கிறது, எதனால் இடம் அடைபட்டது என்று முதலில் பார்ப்போம். கிழிந்த சாக்கும் காலி டின்னும் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். சர்வரும் ஒரு கிடங்குதான். அதில் இருப்பெடுக்காமல் வாடகையை உயர்த்த ஒப்புக்கொள்வது வியாபாரிக்கு அழகல்ல.

கிடங்கு வேறு, மேடை வேறு

சர்வர் என்பது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதில் இடம் என்று சொல்வது இரண்டு. ஒன்று டிஸ்க், இது கிடங்கு. விலைப் பட்டியல், படங்கள், ஆர்டர்கள் எல்லாம் இங்கே தங்கும். மின்சாரம் போனாலும் சரக்கு இருக்கும். மற்றொன்று மெமரி, இது கடையின் முன்னால் பொட்டலம் போடும் மேடை. வாடிக்கையாளர் நிற்கும்வரை சரக்கு மேடையில் இருக்கும், அவர் போனதும் மேடை காலியாகும். சிறு வியாபாரத்துக்கு எடுக்கும் சர்வரில் 1 அல்லது 2 ஜி.பி. மெமரியும் 25 முதல் 50 ஜி.பி. டிஸ்கும் இருப்பது வழக்கம்.

எது நிறைந்தது என்பதை அறிகுறியே பெரும்பாலும் காட்டிவிடும். டிஸ்க் நிறைந்தால் பக்கம் திறக்கும், விலை தெரியும். ஆனால் உள்ளே நுழைய முடியாது, ஆர்டர் பதியாது. எழுதி வைக்க இடமில்லாததே காரணம். மெமரி தீர்ந்தால் தளம் ஊர்ந்து நகரும், பிறகு "டேட்டாபேஸ் இணைப்பு இல்லை" என்று அறிவிப்பு வரும். சர்வரை மறுபடி துவக்கினால் சரியாகும், இரண்டு நாளில் திரும்ப வரும்.

கிடங்கை அடைக்கும் குப்பை

சர்வருக்குள் நுழைந்து டி.எஃப். என்ற கட்டளையைக் கொடுத்தால் டிஸ்க் நூற்றுக்கு எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்று சொல்லும். டி.யு. என்ற கட்டளை எந்த அறையில் எவ்வளவு சரக்கு என்று பிரித்துக் காட்டும். இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பார்த்தால் பெரும்பாலும் தெரியவருவது இதுதான். முதலாவது, லாக் எனப்படும் வருகைப் பதிவு. தளத்தில் ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால், அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி பதிவாகும். ஆட்கள் மட்டுமல்ல, தேடுபொறிகளின் தானியங்கிகளும் இரவு பகலாக வந்து போகின்றன. பழைய பதிவைச் சுருக்கி ஒதுக்கும் லாக்ரொட்டேட் என்ற வசதி லினக்ஸில் உண்டு. அது சரியாக அமைக்கப்படாவிட்டால் ஒரே கோப்பு வருடக்கணக்கில் வளரும்.

இரண்டாவது, தினமும் எடுக்கும் பேக்கப் நகல்கள் அதே சர்வரிலேயே கிடப்பது. இதில் இரண்டு தீமை. இடமும் போகும், சர்வர் கெட்டால் அசலோடு நகலும் போகும். மூன்றாவது, டேட்டாபேஸ் எழுதும் மாற்றப் பதிவுகள். மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பில் இது தானாகவே நடக்கிறது. வேறு கட்டளை இல்லாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும். நான்காவது, நாம் ஏற்றும் ஒரு படத்தையே வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் சிறிதும் பெரிதுமாகப் பல அளவில் நகலெடுத்து வைப்பது.

இன்னும் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. சில சமயம் டிஸ்கில் பாதி காலியாக இருந்தும் "இடமில்லை" என்றே வரும். கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஐனோடு என்று ஓர் எண் வேண்டும். பல வகை டிஸ்க் அமைப்புகளில் அந்த எண்கள் இத்தனைதான் என்று முதலிலேயே அளவிடப்பட்டிருக்கும். லட்சக்கணக்கில் சில்லறைக் கோப்புகள் சேர்ந்தால் எண்கள் தீர்ந்துவிடும். அறையில் இடமிருந்தும் இருப்புப் பேரேட்டில் பக்கம் தீர்ந்துபோன கதை. டி.எஃப். கட்டளையோடு ஐ என்ற எழுத்தைச் சேர்த்தால் இது தெரியும்.

மற்றது, பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பாதது. அந்தக் கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கணக்கில் கழித்துவிட்டோம், மூட்டை இன்னும் சுமைதூக்குபவர் தோளில்தான் இருக்கிறது. அந்தப் புரோகிராமை நிறுத்தித் துவக்கினால்தான் இடம் கிடைக்கும்.

பெரிய பெட்டி வாங்கவே முடியாத இடத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2004 ஜனவரியில் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் வண்டி, அதே மாதம் 21-ஆம் தேதி ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் கம்ப்யூட்டர் மீண்டும் மீண்டும் தானே துவங்கிக்கொண்டிருந்தது. சேமிப்பில் கோப்புகளின் எண்ணிக்கை பெருகி, அவற்றைக் கையாள ஒதுக்கிய மெமரி போதாமல் போனதே காரணம் என்று கண்டார்கள். வேண்டாத கோப்புகளை இங்கிருந்தே அழித்தார்கள், வண்டி பிழைத்தது. அதன் பிறகு பல வருடம் வேலை செய்தது.

டொயோட்டா தரும் பாடம்

இதெல்லாம் சிறு கடைக்காரர் சங்கடம் என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டு 29 அன்று டொயோட்டா நிறுவனத்தின் ஜப்பான் தொழிற்சாலைகள் 14 நின்றுபோயின. காரணத்தை அந்த நிறுவனமே செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்டு 27 அன்று வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்திருந்த விவரங்களைக் கழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்கில் இடம் போதவில்லை; அமைப்பு நின்றது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த சர்வர்களும் அதே அமைப்பில் ஓடியதால் அவற்றிலும் அதே கோளாறு. கொள்ளளவு கூடிய சர்வருக்கு விவரங்களை மாற்றிய பிறகே தொழிற்சாலைகள் ஓடின.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, சுத்தம் செய்யவும் காலியிடம் வேண்டும். கிடங்கில் வாசல்வரை மூட்டை அடுக்கிவிட்டால், பின்வரிசைப் பழைய சரக்கை எடுக்க முன்வரிசையை எங்கே இறக்குவது? சர்வரிலும் அப்படியே. ஒரு கோப்பைச் சுருக்க வேண்டுமானால் சுருக்கிய நகலுக்கு முதலில் இடம் வேண்டும். எனவே நூற்றுக்கு நூறு ஆன பிறகு துடைப்பத்தை எடுக்காமல், எண்பதைத் தொடும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, மாற்று ஏற்பாடு அசலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது மாற்று ஏற்பாடே அல்ல.

மேடையில் கூட்டம்

மெமரி விஷயத்தில்தான் நம்மை எளிதாக மிரட்டிவிடுகிறார்கள். ஃப்ரீ என்ற கட்டளை மெமரிக் கணக்கைக் காட்டும். அதில் "ஃப்ரீ" என்ற பத்தியில் எண் மிகக் குறைவாக இருக்கும். "பாருங்கள், மெமரியே இல்லை" என்பார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியில், அடிக்கடி கேட்கும் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளும். வேலை வந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். மேடை ஓரத்தில் ஓடும் சரக்கை எடுத்து வைத்திருப்பது போலத்தான். நாம் பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற பத்தி. அதில் தாராளமாக இருந்தால் மெமரிக்குக் குறையில்லை.

உண்மையாகவே மெமரி அடியோடு தீர்ந்தால், லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்திவிடும். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பதையே நிறுத்தும். நம் போன்ற தளங்களில் அது டேட்டாபேஸாக இருப்பதுதான் அதிகம். இப்படி நடந்தால் சர்வரின் லாக்கில் அது பதிவாகியிருக்கும். கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 2 ஜி.பி. மெமரியில் அமைப்புக்கும் டேட்டாபேஸுக்கும் போக 1,200 எம்.பி. மிஞ்சுகிறது. ஒரு வாடிக்கையாளரைக் கவனிக்கும் வேலையாள் புரோகிராம் ஒன்றுக்கு 60 எம்.பி. வேண்டும் என்றால், ஒரே சமயத்தில் 20 வேலையாட்கள்தான் மேடையில் நிற்கலாம். அமைப்பில் 150 பேர் நிற்கலாம் என்று விட்டிருந்தால், கூட்டம் வரும் நாளில் 9,000 எம்.பி. கேட்கும், தளம் விழும். 20 என்று வரம்பு வைத்தால் 21-ஆவது ஆள் சில நொடி காத்திருப்பார், அவ்வளவுதான். இந்த வரம்பைச் சரிசெய்யாமல் 4 ஜி.பி.க்கு மாறினாலும் அடுத்த பண்டிகைக்கு அதே நிலைதான்.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது

அவசரத்தில் கண்டதையெல்லாம் அழிப்பது அதைவிட ஆபத்து. ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி கணக்கு ஆவணங்களை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கு முறையான பேக்கப் வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. ஆகவே பில்களும் ஆர்டர் விவரங்களும் சர்வரில் மட்டுமே இருந்தால், வெளியே நகல் எடுக்காமல் கை வைக்கக் கூடாது. லாக் விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் லாக்குகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். எனவே லாக்கைச் சுருக்கி வேறிடத்தில் வைக்கலாம். சுருக்கினால் மிகச் சிறிதாகிவிடும். டேட்டாபேஸின் மாற்றப் பதிவுகளைக் கையால் அழிக்காமல், அதற்குரிய கட்டளை மூலம்தான் கழிக்க வேண்டும்.

இது நம் வேலையா?

"கம்ப்யூட்டர்காரர் வேலையை நாம் ஏன் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். லாரியை நாம் ஓட்டுவதில்லை. ஆனால் எடைச்சீட்டைப் பார்க்காமல் சரக்கை இறக்குகிறோமா? அதுபோல எண்ணைக் கேட்டு வாங்குவது முதலாளி வேலை, வேலையைச் செய்வது அவர் வேலை. "மறுபடி துவக்கினேன், சரியாகிவிட்டது" என்ற பதிலை ஏற்கக் கூடாது. எது நிறைந்தது, ஏன் நிறைந்தது என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதே சமயம், பராமரிப்புக்கென்று ஒரு தொகை பேசி ஒழுங்காகக் கொடுக்கவும் வேண்டும். கொடுக்காத கூலிக்கு வேலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெரிய சர்வரே கூடாது என்பதல்ல என் வாதம். குப்பையை நீக்கி, வரம்பை ஒழுங்குசெய்த பிறகும், சாதாரண நாளிலேயே மெமரி தட்டுப்பட்டால், அல்லது டிஸ்கில் இருப்பது அத்தனையும் நடப்புச் சரக்காகவே இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். அது வியாபாரம் வளர்ந்ததன் அடையாளம்.

மாதம் முதல் தேதி ஒரு குறிப்பேட்டில் நான்கு விவரம் எழுதுங்கள்: டிஸ்க் நூற்றுக்கு எவ்வளவு, ஐனோடு நூற்றுக்கு எவ்வளவு, அவைலபிள் மெமரி எவ்வளவு, கடைசி பேக்கப் எந்தத் தேதியில் வெளியிடம் போனது. போன மாதம் 60, இந்த மாதம் 66 என்றால், இன்னும் இரண்டு மாதத்தில் 78 ஆகும் என்று நமக்கே தெரியும். பண்டிகைக்கு முன்பே சரிசெய்துவிடலாம். சர்வரின் கடவுச்சொல்லும் வாடகைக் கணக்கும் கட்டாயம் நம் பெயரில், நம் கையில் இருக்க வேண்டும். கிடங்குச் சாவியை வெளியாளிடம் மட்டும் கொடுத்துவிட்டு எந்த வியாபாரியும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

இந்த நிபந்தனைகளை அடக்கிய மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றை நமது சங்கம் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் பதியாத கடைக்காரர் நமக்காகக் காத்திருக்க மாட்டார். அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். ஒருமுறை அங்கே பழகியவரைத் திரும்ப அழைத்துவருவது எவ்வளவு கஷ்டம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.