தீர்ப்பா, மார்க் ஷீட்டா?

போன மாசம் பெரியம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, நான் செஞ்சதெல்லாம் போதுமாப்பா?"ன்னாங்க. முந்தின நாள் ஜெபிக்க வந்த ஊழியக்காரர், "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது பாக்கி இருக்கான்னு யோசிங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். படுத்திருக்கிற மனுஷிகிட்டே சொல்ற ஆறுதலா இது?

அக்டோபர் 31 வந்தா 1517, லூத்தர்னு முழங்குறோம். மீதி வாரமெல்லாம் உபவாசம் இருந்தியா, தசமபாகம் கொடுத்தியான்னு கணக்குதான். இதே ரெண்டையும் சொல்லித்தான் லூக்கா 18-ல் பரிசேயன் ஜெபம் பண்ணினான். நீதிமானா வீட்டுக்குப் போனது அவன் இல்லை, சொல்ல ஒண்ணுமே இல்லாத ஆயக்காரன்!

'நீதிமானாக்கப்படுதல்'னு கேட்டதும், நம்மைக் கொஞ்சம் கொஞ்சமா நல்லவனாக்கி, கடைசியில் பாஸ் போடுறதுன்னு நினைச்சுக்கிறோம். பவுல் எழுதின கிரேக்கச் சொல்லில் அடிக்கிறது கோர்ட் வாசனை. நீதிபதி 'இவன் நீதிமான்' என்று தீர்ப்புச் சொல்வது. ரோமர் 4-ன்படி, பாவியைத்தான் தேவன் நீதிமானாக்குகிறார். குற்றத்தைக் கண்டுக்காம விட்டுட்டாரா? இல்லை. தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார். அவருடைய நீதி நம்முடையதாக எண்ணப்படுகிறது. விசுவாசம்கூட நாம் கட்டுற ஃபீஸ் இல்லை, வாங்கிக்கொள்ள நீட்டுற வெறுங்கை.

"அப்போ யாக்கோபு 2:24?" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாயில் மட்டும் இருக்கிற செத்த விசுவாசத்தைத்தான் யாக்கோபு வெளுக்கிறார். வீட்டுப் பிள்ளை வேலை செய்யும். ஆனா வேலை செய்ததால் பிள்ளை ஆவதில்லை. பாவ அறிக்கையும் அப்படித்தான். அப்பாகிட்டே பிள்ளை பேசுறது அது, பாக்கி வசூல் இல்லை.

1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. தேவன் நம்மை ஏற்பது கிருபையால் மட்டுமே, நம்ம தகுதியால் இல்லைன்னு ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க. எல்லா வித்தியாசமும் தீரலைதான். ஆனா நூற்றாண்டுகளாய்ச் சண்டை போட்டவங்களே அவ்வளவு தூரம் வந்தாச்சு; புராட்டஸ்டண்ட்டுனு மார்தட்டுற நாமதான் கணக்கு நோட்டைத் திறந்து வச்சிருக்கோம்.

பெரியம்மாவுக்கு லூக்கா 18-ஐ வாசிச்சேன். "அந்த ஆயக்காரன் எத்தனை வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினான் பெரியம்மா?"ன்னேன். ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சாங்க.

ஐயா ஊழியக்காரரே, அடுத்த தடவை போகும்போது தீர்ப்பை வாசிச்சுக் காட்டுங்க. மார்க் போட உங்களை யாரும் கூப்பிடலை.