நாணயமும் வேண்டும்! நாவும் வேண்டும்!



மக்காவில் ஓர் அநியாயம் நடந்தது. யமன் தேசத்து ஸபீதிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம், ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவன் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தான். வெளியூர்க்காரனுக்காகக் கேட்க நாதியில்லை. அவன் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று நியாயம் கேட்டுக் கதறினான். ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் உள்ளிட்ட குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவன் எந்த ஊரானாயினும் அவன் பக்கமே நிற்போம் எனச் சத்தியம் செய்தனர். பறித்ததைத் திரும்ப வாங்கியும் கொடுத்தனர். அதுதான் 'ஹில்ஃபுல் ஃபுளூல்'!

அந்தச் சபையில் ஏறத்தாழ 20 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர்தாம் உயிரினும் மேலான நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்! நபித்துவம் பெற்ற பின்னரும், அத்தகைய ஒப்பந்தத்திற்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்ற கருத்தையே அவர்கள் கூறினார்கள். அவர்களை மக்கா நகரம் 'அல்அமீன்' என்றழைத்தது. நாணயம் ஒரு கையில். நியாயத்திற்கான குரல் மறுகையில். இதுவன்றோ ஸுன்னத்!

நம் நிலை என்ன?

ஒரு சாரார் மேடையில் முழங்குகிறார்கள். கடையிலோ எடை குறைகிறது. வாங்கிய கடன் இழுத்தடிக்கப்படுகிறது. மகனின் திருமணத்தில் வரதட்சணை கைமாறுகிறது. உங்கள் வாடிக்கையாளரே உங்களை நம்பவில்லையென்றால், உங்கள் கோஷத்தை ஊர் நம்புமா?

இன்னொரு சாரார் முதல் ஸஃப்பை விடுவதில்லை. ஆனால், "அரசியல் சாக்கடை, நமக்கெதற்கு?" என்று ஒதுங்குகிறார்கள். உங்கள் தெருவில் உண்மையான சாக்கடை பொங்கும்போது யாரிடம் போவீர்கள்? ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறதே, அதில் ஒருநாளாவது எழுந்து பேசியதுண்டா? வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டார் பெயர் உள்ளதா என்று பார்த்ததுண்டா?

2007ல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு வழங்கியது. மூலையில் முடங்கியதாலா கிடைத்தது? ஆண்டுக்கணக்கில் வீதிக்கு வந்து, ஜனநாயக வழியில் கேட்டதால் கிடைத்தது!

2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்குச் சோறு போட்டது, அடைக்கலம் தந்தது. மதம் கேட்கவில்லை. நூறு மேடைகள் சாதிக்காத நல்லெண்ணத்தை அந்தச் சோற்றுப் பானைகள் சாதித்தன. பேரிடர் வந்த பின் கூடிய ஜமாஅத் அல்ல அது. முன்பே கட்டுக்கோப்பாக இருந்த ஜமாஅத். அதனால்தான் அன்றே களமிறங்க முடிந்தது.

வணிகர்களே! இன்றே தராசைச் சரிபாருங்கள், பாக்கியைத் தீருங்கள், கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். இளைஞர்களே! வரும் ஜும்ஆவுக்குப் பின் மஹல்லாவில் வீடு வீடாகச் செல்லுங்கள். 18 வயது நிறைந்தும் பட்டியலில் பெயரில்லாதவர்களுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள். பக்கத்துத் தெருச் சகோதர சமயத்தார் உதவி கேட்டால் அவர்களுக்கும் நிரப்பிக் கொடுங்கள்!

தன்னை மாற்றிக்கொள்ளாத கூட்டத்தின் நிலையை அல்லாஹ் மாற்றுவதில்லை என்பது நாமறிந்த பாடம். மாற்றம் கல்லாப்பெட்டியில் தொடங்கட்டும். கிராமசபை வரை செல்லட்டும்!

சிந்திப்பீர்! செயல்படுவீர்! வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக. ஆமீன்.