கைரேகை விழாததால் அரிசியை மறுக்கக் கூடாது

“டவர் இல்லை, சாயங்காலமா வாங்க.” கல்வராயன் மலையில் ரேஷன் வாங்குகிறவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. விற்பனையாளர் பி.ஓ.எஸ். மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். சிக்னல் ஒரு கோடு தெரிந்ததும் வரிசையில் நிற்கும் மூதாட்டியின் விரலைத் துணியால் துடைத்து, கண்ணாடி மேல் வைத்து அழுத்துகிறார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், அப்புறம் மறு கை. எதையும் மெஷின் ஏற்கவில்லை. மண்வெட்டி பிடித்து, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கித் தேய்ந்த விரலில் ரேகைக்கு எங்கே போவது?

அந்த மெஷினுக்கு யாரையும் தெரியாது. விரல் பதிவைச் செல்போன் சிக்னல் வழியே ஆதார் ஆணையத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும். ரேகை பொருந்தாவிட்டாலும் பில் விழாது, சிக்னல் போய்ச் சேராவிட்டாலும் பில் விழாது. இந்த இரண்டில் எதற்கும் கார்டுதாரர் பொறுப்பில்லை. ஆனால், மலைப்பாதையில் மறுபடி நடப்பது அவர்தான்.

ஓ.டி.பி. இருக்கிறதே என்பார்கள். அதற்கும் டவர் வேண்டும். பதிவு செய்த எண் பல வீடுகளில் மகனுடையது. அவர் கேரளத்திலோ கர்நாடகத்திலோ கூலி வேலையில் இருப்பார்.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேஷனுக்குக் கைரேகை வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இதன் ஆபத்து தெரிந்துவிட்டது. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்காததால் ரேஷன் நின்றுபோன வீட்டில் 11 வயதுச் சிறுமி 2017 செப்டம்பரில் இறந்தாள். பட்டினியால் செத்தாள் என்றார் தாய்; அரசு மறுத்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 24 அன்று, மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: நெட்வொர்க் இல்லாவிட்டாலும் ரேகை பொருந்தாவிட்டாலும் கார்டைப் பார்த்துப் பொருளைக் கொடுங்கள், தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று. ரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியுள்ளவருக்கு உரியதை மறுக்கக் கூடாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பின் நிலையும். ஆக, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்தப் பதிவேடு கடை மேசைக்கு வந்தால் போதும்.

கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கிய பிறகுதான் இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் இளையவர்கள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட, வீட்டில் மிஞ்சுவது வயதானவர்கள். முதியோருக்கு வீட்டு வாசலிலேயே பொருள் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அந்த வண்டியில் வருவதும் இதே மெஷின்தான்.

விற்பனையாளரைத் திட்டிப் பயனில்லை. மெஷினில் பில் விழாமல் மூட்டையை அவிழ்த்தால் இருப்புக் குறைவுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தைப் போக்கும் எழுத்துப்பூர்வ உத்தரவை மாவட்ட நிர்வாகம் அவர் கையில் கொடுக்க வேண்டும். எந்தக் கம்பெனி சிக்னல் எந்தக் கடையில் எடுக்கிறது என்று நேரில் பார்த்து சிம் போட வேண்டும். தேவையான இடத்தில் வெளி ஆண்டெனா வைக்க வேண்டும். கைரேகைக்குப் பதில் கருவிழியைப் படிக்கும் கருவி முதலில் மலைக் கடைகளுக்கு வரட்டும். நடக்க முடியாதவருக்குப் பதிலாள் வைக்கும் அனுமதியை வட்ட வழங்கல் அலுவலர் ஊருக்கே வந்து முகாம் போட்டுக் கொடுக்கட்டும்.

பில் விழாமல் திரும்பியவர்களின் கணக்கு மாதாமாதம் கடை வாசலில் ஒட்டப்பட வேண்டும். விட்டுப்போன மாதத்து அரிசியை மறு மாதமே சேர்த்து அளந்து கொடுக்க வேண்டும்.