கங்காணிக்குப் புதுப்பெயர் ஏஜென்சி

ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் ஷிப்ட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும் தொழிலாளியிடம் “உன் முதலாளி யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பலரிடமிருந்து இரண்டு பதில்கள் வரும். ஆலை வாசலில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று. சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் பெயர் வேறொன்று. உழைப்பது வாசலில் உள்ள பெயருக்கு. சம்பளம் போடுவதும், “நாளை முதல் வரவேண்டாம்” என்று சொல்வதும் சீட்டில் உள்ள பெயர். இந்த இரண்டாவது பெயருக்குத்தான் ஏஜென்சி என்றும், காண்டிராக்டர் என்றும், மனிதவள நிறுவனம் என்றும் பட்டங்கள் சூட்டியிருக்கிறார்கள்.

பட்டம் புதிது; ஆள் பழையவன். நமது முப்பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போன கங்காணிதான் அவன். கங்காணி முன்பணம் கொடுப்பான்; அது தொழிலாளி தலையில் கடனாக ஏறும். கடனைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்களை விட்டுவிடச் சம்மதம் என்று எழுதிய ‘துண்டு’ கைமாறும். துண்டோடு மனிதனும் கைமாறுவான். வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குத் தோட்டம் அளந்தது. துண்டு முறை 1921-ல் ஒழிந்தது. தலைக்கு இத்தனை என்ற கணக்கு ஒழிந்ததா?

இன்றைய ஏஜென்சி ஆலைக்கு அனுப்பும் பில்லைப் பாருங்கள். ஆள் ஒன்றுக்குச் சம்பளம் இவ்வளவு, பி.எஃப். இவ்வளவு, இ.எஸ்.ஐ. இவ்வளவு, அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் இவ்வளவு, அதற்கும்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.! உழைப்பு சரக்கல்ல என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1944-ல் பிலடெல்பியாவில் பிரகடனம் செய்தது. இங்கே சரக்குக்குப் போடுவது போலவே மனிதனுக்கும் பில் போடப்படுகிறது.

ஆள் சப்ளை செய்ய ஏஜென்சி வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். அவருக்கு உண்மையில் வேண்டியது ஆள் மட்டுமல்ல. பொறுப்பிலிருந்து தப்ப ஒரு திரை.

2021 டிசம்பரில் நடந்ததை மறக்க முடியுமா? ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள்; 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி என்ன என்று தெரியாமல் வதந்தி பரவியது. கேட்கப் போனால் பதில் சொல்ல ஆளில்லை. சங்கம் இல்லாத அந்த இளம் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் ஒப்புக்கொண்டன. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது.

அடுத்தது 2024 ஜூன். மணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்று இதே ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பியதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய சர்க்கார் மாநில சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. சில மாதங்கள் கழித்து, விளம்பரங்களில் வயது, பால், மணமானவரா என்ற விவரங்களை எடுத்துவிடுமாறு கம்பெனி ஏஜெண்டுகளுக்குச் சொன்னதாக அதே நிறுவனம் செய்தி தந்தது. காகிதத்தில் எழுதக் கூசுகிற விதியைச் சொல்ல ஒரு வாய் தேவைப்படுகிறது. கேள்வி வந்தால் பழியை ஏற்கவும் அதே வாய் இருக்கிறது.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. அதை வரவேற்கிறோம். படுக்க இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் அந்தக் கட்டிலில் படுப்பவள் யாருடைய தொழிலாளி என்ற கேள்விக்குக் கட்டிடம் பதில் சொல்லாது.

சட்டம் சொல்லுமா? 1970-ன் காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் ‘ஒழித்தல்’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. காண்டிராக்ட் முறை ஒழிக்கப்பட்டால் அந்தத் தொழிலாளிகள் நேரடித் தொழிலாளிகள் ஆவார்கள் என்று ஏர் இந்தியா வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தானாக ஆகமாட்டார்கள் என்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் 2001 ஆகஸ்ட் 30-ல் அதே கோர்ட் மாற்றிச் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் அமலாக்கிய சட்டத் தொகுப்பு அந்த 1970 சட்டத்தையே விழுங்கிவிட்டது. 20 பேர் இருந்தால் பாய்ந்த சட்டம் இனி 50 பேர் இருந்தால்தான் பாயும். ஆலையின் மூல வேலையில் காண்டிராக்ட் கூடாது என்று ஒரு கையால் எழுதி, வேலை திடீரெனப் பெருகினால் கூடும் என்று மறுகையால் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பண்டிகைக்கு முன் ஆர்டர் பெருகுவது கைப்பேசித் தொழிலின் ஆண்டு வழக்கம். அதைத் ‘திடீர்’ என்று எழுத முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

படிப்பில்லாதவன்தான் தரகனிடம் சிக்குவான் என்று நினைப்பாரும் உண்டு. ஊருக்கெல்லாம் படிப்புச் சொல்லித்தரும் ஆசிரியர்களே சிக்கினார்கள். 2007 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியர்களை அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்கு ஒரு தனியார் ஏஜென்சி ஏற்றுமதி செய்தது. ஆளுக்குச் சுமார் 16,000 டாலர் கறந்தது. ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனோடு வந்தவர்களிடம் இரண்டாம் ஆண்டுச் சம்பளத்திலும் பங்கு கேட்டது. துண்டுச் சீட்டுக்குப் பதில் விசா. மற்றபடி அதே கதை.

ஆனால் அந்தக் கதையின் முடிவு வேறு. உள்ளூர் ஆசிரியர் சங்கம் “வெளிநாட்டான் நம் வேலையைப் பறிக்க வந்தான்” என்று முகம் திருப்பவில்லை. 2009-ல் அவர்களுக்காகப் புகார் கொடுத்தது. மறு ஆண்டு அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் துணை நின்று வழக்கு நடந்தது. 2012 டிசம்பரில் சுமார் 350 ஆசிரியர்களுக்கு 45 லட்சம் டாலர் தரவேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

நமது நிரந்தரத் தொழிலாளித் தோழர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இது. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரி 27-ல் அவர்களுடைய சங்கம் பதிவு பெற்றது. பெருமைக்குரிய வெற்றி அது. ஆனால் வேலைநிறுத்தம் என்றதும் முதலாளியின் கண் முதலில் யாரைத் தேடும்? பக்கத்து லைனில் நிற்கும் ஏஜென்சித் தொழிலாளியை. அவனைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தினால், நம் முதுகுக்குப் பின்னால் முதலாளிக்கு நாமே ஒரு படையைக் கொடுத்தவர்கள் ஆவோம். அவன் திண்டிவனத்தான் ஆனாலென்ன, ஒடிசாக்காரன் ஆனாலென்ன, நேற்று வந்த டிரெயினிப் பெண் ஆனாலென்ன? ஒரே மெஷினில் நிற்பவன் ஒரே வர்க்கம்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆண்டு முழுதும் நடக்கும் லைன் வேலைக்கு நேரடி நியமனம் வேண்டும். சம்பளம், சாப்பாடு, விடுதி, விபத்து எதுவானாலும் ஆலை முதலாளியே முதல் பொறுப்பாளி ஆகவேண்டும். வேலை தேடுபவனிடம் ஏஜென்சி ஒரு பைசாவும் வாங்கக்கூடாது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1997-ம் ஆண்டு 181-வது உடன்படிக்கை இதைத்தான் சொல்கிறது. இந்திய சர்க்கார் இன்னும் அதை ஏற்கவில்லை; ஏற்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1978-லேயே மாநில சர்க்கார் ஒரு நிறுவனம் தொடங்கியது. கடல் கடக்க சர்க்கார் வழி செய்ய முடியுமானால், ஒரகடம் போக ஏன் முடியாது? வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக ஆள் எடுக்கட்டும்!

தோழர்களே! கோரிக்கை காகிதத்தில் இருந்தால் போதாது. விடுதி வாசலுக்குப் போங்கள். பஸ் நிற்கும் இடத்துக்குப் போங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் பேசும் மொழியில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பெயருக்கு உழைக்கும் தொழிலாளிக்கு ஒரே சங்கம் என்ற நிலை வந்துவிட்டால், கங்காணியின் கணக்குப் புத்தகம் தானே மூடிக்கொள்ளும்.