கணினி சுமத்திய குற்றம்!

வேலை போனவனுக்குக் கிடைக்கும் உதவித்தொகை பிச்சையன்று. அவன் உழைத்த நாளில் முதலாளி கட்டிய வரியிலிருந்து வருவது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமெரிக்கத் தொழிலாளி பெற்ற உரிமை. அந்த உரிமையைக் கேட்டதற்காக, மிச்சிகன் மாநிலத்தில் 40,000 பேர் மோசடிக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டனர். குத்தியது நீதிபதியா? அதிகாரியா? இல்லை தோழர்களே, ஒரு கணினி!

மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரம் இருக்கும் மாநிலம் அது. 2013 அக்டோபரில் வேலையின்மைக் காப்பீட்டு இலாகா 'மைடாஸ்' என்ற கணினி ஏற்பாட்டைப் புகுத்திற்று. தொட்டதெல்லாம் பொன்னாக்கிய மன்னனின் பெயர்! பொன் யாருக்கு என்பதுதான் கேள்வி.

முதலாளி தந்த கணக்கும் தொழிலாளி தந்த கணக்கும் ஒட்டவில்லையென்றால் போதும். மூன்று மாதச் சம்பளத்தை வாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, 'சம்பளமும் வாங்கினாய், உதவியும் வாங்கினாய்' என்றது கணினி. விளக்கம் கேட்டு ஓலையும் அனுப்பிற்று. எங்கே? உதவி பெற்று முடிந்தபின் யாரும் திறந்து பாராத இணையக் கணக்குக்கு! பத்து நாளில் பதில் இல்லையா, மோசடி உறுதி. வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். அதன்மேல் நான்கு மடங்கு அபராதம். அதற்கும் மேல் வட்டி.

மேல்முறையீடு இல்லையா என்பார்கள். இருந்தது, 30 நாள் கெடுவோடு! தன்மேல் குற்றச்சாட்டு இருப்பதே அறியாதவன் எப்படி மனுப் போடுவான்? சம்பளத்தில் பிடித்தம் விழுந்தபோதும், திரும்ப வரவேண்டிய வருமானவரிப் பணம் ஜப்தியானபோதும்தான் பலருக்குச் சேதியே எட்டிற்று. அதற்குள் கெடு கடந்துவிட்டது.

பின்னர் இலாகாவே பழைய கோப்புகளைப் புரட்டிற்று. கணினி தானாகவே முடிவு கட்டிய 22,427 தீர்ப்புகளில் நூற்றுக்கு 93 தவறு! நூற்றுக்கு ஏழு மார்க் வாங்கும் பையனை எந்த வாத்தியார் தேற்றிவிடுவார்?

2015-ல் பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். 'காலம் கடந்து வந்தீர்கள்' என்றது சர்க்கார் தரப்பு. மறுபடியும் கெடு! 2019-ல் மாநில உச்சநீதிமன்றம், பணம் பறிபோன நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிட வேண்டும் என்றது. நாம் கேட்பதும் அதுதான்: மேல்முறையீட்டுக் கெடுவும், ஓலை தொழிலாளியின் கையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடட்டும், குற்றம் சுமத்தும் தாளில் ஒரு மனிதனின் கையெழுத்து இருக்கட்டும்.

நட்டஈடு கேட்க உரிமையுண்டு என்று 2022 ஜூலையில் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டே 2 கோடி டாலருக்குச் சமரசம். இடைப்பட்ட ஆண்டுகளில் திவால் மனுக் கொடுத்தவர்களும் அவர்களிடையே உண்டு.