என் உண்மையும் எல்லோருடைய உண்மையும்

மத நம்பிக்கையைப் பற்றி வாதம் வரும்போதெல்லாம், வேறு சமாதானம் அகப்படாதவர்கள் கடைசியாகச் சொல்லும் சமாதானம் ஒன்று இருக்கின்றது. "உங்களுக்கு அது பொய்யாக இருக்கலாம், எனக்கு அது உண்மை. நான் அனுபவித்திருக்கிறேன்" என்பதே அது. இப்படிச் சொல்லுகிறவர்களில் அநேகர் யோக்கியர்கள். வேண்டுமென்று பொய் பேசுகிறவர்கள் அல்லர். ஆதலால் இதைப் பரிகசித்துத் தள்ளாமல், இதில் எவ்வளவு சாரம் இருக்கின்றது என்று பார்ப்பது நமது கடமையாகும்.

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளுகிறவன், அது வெதுவெதுப்பாக இருக்கின்றது என்கிறான். அதே மனிதன் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அதே கிணற்றில் குளித்துவிட்டு, ஜில்லென்று இருக்கின்றது என்கிறான். அவன் இரண்டு தடவையும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆழமான அந்தக் கிணற்றில் உஷ்ணமானியை விட்டுப் பார்த்தால், இரண்டு காலத்திலும் அதிக வித்தியாசம் காணாது. மாறினது வெளிக்காற்றும் அவன் உடம்புமே தவிர, தண்ணீர் அல்ல. "எனக்கு வெதுவெதுப்பாக இருந்தது" என்பது அவனைப் பற்றிய உண்மை. "தண்ணீரின் சூடு இவ்வளவு" என்பது கிணற்றைப் பற்றிய உண்மை. முன்னது அவனோடு நின்றுவிடும். பின்னதை எந்த ஜாதிக்காரனும் எந்த மதக்காரனும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் மதத்தின் பிழைப்பே இருக்கின்றது என்று நாம் சொல்லுகிறோம்.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்து முடிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வைசூரி என்னும் பெரியம்மையை நம் மக்கள் வியாதி என்றே சொல்லவில்லை. "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றார்கள். உடம்பில் எழும்பிய கொப்புளத்தை "முத்து" என்றார்கள். தமிழ்நாட்டில் மாரியம்மன் என்றால், வடநாட்டில் சீதளை என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் யொருபா மக்கள் இதே வியாதிக்குச் சொப்போனா என்று ஒரு தெய்வத்தை வைத்திருந்தார்கள். பிழைத்தவர்கள் வெள்ளியில் கண்மலர் வாங்கிக் கோயிலில் போட்டு, "தாய் என் கண்ணைக் காப்பாற்றினாள், இது என் அனுபவம்" என்றார்கள்.

இந்த அனுபவத்தின் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். அம்மை குத்திக்கொள்ளாத பத்துப் பேருக்குக் கொடிய வகை வைசூரி கண்டால், சுமார் 3 பேர் செத்தார்கள். 7 பேர் பிழைத்தார்கள். பத்து வீட்டிலும் வேண்டுதல் நடந்தது. பிழைத்த ஏழு வீட்டார் கோயிலுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். மற்ற மூன்று வீட்டார் என்ன சொன்னார்கள்? "தீட்டுக் கலந்துவிட்டது, பூசையில் குறை வைத்துவிட்டோம்" என்று தங்களையே நொந்துகொண்டார்கள். செத்த குழந்தை சாட்சி சொல்ல வருவதில்லை. ஆகவே பிழைத்தாலும் அம்மன் மகிமை, செத்தாலும் நம்முடைய குற்றம் என்று ஆயிற்று. எப்படி நடந்தாலும் பொய்யாகாத ஒரு சங்கதியை உண்மை என்று எதைக்கொண்டு தீர்மானிப்பது?

இனி மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவன் கையில் கீறி வைத்துப் பரீட்சை பார்த்தார். 1802-ல் அந்த முறை பம்பாய்க்கு வந்தது. ஆத்தாள் கோபிப்பாள் என்று பயந்து, அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. ஆனால் குத்திக்கொண்டவர்களில் நம்பினவன் கையிலும் அது வேலை செய்தது. நம்பாதவன் கையிலும் வேலை செய்தது. விபூதிக்காரனா, தொப்பிக்காரனா, சிலுவைக்காரனா என்று அது கேட்கவில்லை. ஒரு தடவை குத்திக்கொண்டால் ஆயுள் முழுவதும் போதும் என்று ஜென்னர் எண்ணினார். அது தவறென்று பின்னால் தெரிந்தது. மறுபடியும் குத்திக்கொள்ள வேண்டும் என்று திருத்திக்கொண்டார்களே ஒழிய, ஜென்னர் வாக்கைச் சந்தேகிப்பது பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

1967-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இவ்வியாதியை ஒழித்தே தீருவதென்று தீவிரமாக முனைந்தது. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் அம்மை குத்தினார்கள். இந்தியாவில் 1975 மே மாதத்தோடு வைசூரி நின்றது. 1980 மே 8-ந் தேதி, உலகத்திலேயே அது இல்லை என்று பிரகடனம் செய்யப்பட்டது. எத்தனையோ தலைமுறையாகக் கூழ் ஊற்றியும் கிடா வெட்டியும் போகாதது, அதற்குப் பின் எந்தக் கோயில் பூசை நின்றும் திரும்பி வரவில்லை.

நிற்க, வேண்டிக்கொள்ளும் தாய்க்கு மனதில் ஓர் ஆறுதல் உண்டாவது மெய்யே. அதை நாம் மறுக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகி அந்நியரை உள்ளே விடாததிலும் ஒரு நன்மை இருந்தது. ஆனால் அந்த நன்மைக்குக் காரணம் தொற்றைத் தடுத்ததே தவிர, தீட்டைத் தடுத்தது அல்ல. ஆறுதல் அவள் மனதைப் பற்றிய உண்மை; குழந்தையின் உடம்பைப் பற்றிய உண்மை வேறு. தன் மனதின் உண்மையைக் கொண்டு பிறர் உடம்புக்குத் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஏனென்றால் நம்புகிறவள் தாய், சாகிறது குழந்தை.

இது பழங்கதைதானே என்று சிலர் கேட்கலாம். பெரியம்மை போய்விட்டது, "அம்மை" என்ற பேரும் அந்தப் பயபக்தியும் போகவில்லை. தட்டம்மை கண்ட குழந்தையை, ஆத்தாள் விளையாடுகிறாள் என்று வைத்தியரிடம் காட்டாமல் வீட்டிலேயே கிடத்துவது இன்றும் உண்டு. தட்டம்மையால் நிமோனியா வரும், பார்வை போகும், உயிரும் போகும். அதற்குத் தடுப்பு ஊசியை ஒன்பது மாதம் நிறைந்தவுடன் ஒரு தடவையும், ஒன்றரை வயது சுமாரில் மறு தடவையும் சர்க்கார் இலவசமாகப் போடுகிறது.

ஆகவே நம் தோழர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். "எனக்கு உண்மை" என்று ஒருவர் சொன்னால் கோபிக்க வேண்டாம். "பிழைத்த ஏழு பேரைச் சொன்னீர்கள், செத்த மூன்று பேர் எங்கே?" என்று மாத்திரம் அமைதியாகக் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் ஊசி போடாத குழந்தை இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.